சாவி என் மேசையில் இருந்தது

புதிதாக ஆணையர் நாற்காலியில் உட்காரப் போகிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கோப்புகளை எப்படி நகர்த்துவது, தணிக்கைக்காரர்களுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் புதுச்சேரியில் பல கிராமங்கள் சேர்ந்த கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஆணையராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு மிச்சம் இருப்பது நான் செய்த தப்புகள்தான். அதில் ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கோப்பிலும் அது பதிவாகவில்லை, யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அது இன்னும் என்னிடமே கிடக்கிறது.

மூலக்குளத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். வாசலில் வில்லியனூர் ரோடு ஓயாமல் இரைகிறது, உள்ளே டி.வி. பேசுகிறது. ஆனால் என்னிடம் யாரும் பேசுவதில்லை. சில நாள் மாத்திரை தீராமலே மருந்துக் கடைக்குப் போய் நிற்கிறேன், நாலு வார்த்தை பேசலாமே என்று. அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கொம்யூன் என்று சொல்ல மாட்டேன். பாகூர்க்காரர்கள் வில்லியனூர் என்று நினைத்துக்கொள்ளட்டும், வில்லியனூர்க்காரர்கள் பாகூர் என்று நினைத்துக்கொள்ளட்டும். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். சுற்றிலும் நெல்லும் கரும்பும், நடுவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அது போதும்.

நம் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் நடந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தலைவர் கிடையாது, உறுப்பினர்கள் கிடையாது. அவர்கள் உட்கார வேண்டிய அறையில் பழைய பீரோவையும் கால் உடைந்த நாற்காலிகளையும் போட்டு வைத்திருந்தோம். அவர்கள் செய்ய வேண்டிய வேலையும் அவர்களுக்குப் போக வேண்டிய மாலையும் சேர்ந்து ஆணையர் தலையில் விழும். வேலை பாரம் என்று உடனே தெரிந்துவிடும். மாலை பாரமாகவே தெரியாது. கோயிலில் கூழ் ஊற்றுவதிலிருந்து கிரிக்கெட் போட்டிக்குப் பரிசு கொடுப்பது வரை என்னைக் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் "நமது பகுதியின் தலைவர்" என்றே சொல்லிவிடுவார்கள். நான் திருத்துவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், நன்றாகவே பிடித்திருந்தது.

அப்படித்தான் அந்தப் பள்ளியிலிருந்தும் அழைப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி பற்றி ஒரு பாடம் வருகிறது, உள்ளூர் நிர்வாகத்தில் இருப்பவர் ஒருவர் வந்து பிள்ளைகளிடம் தலைமைப் பண்பு பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும் என்று தலைமை ஆசிரியை எழுதியிருந்தார். நான் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி, முந்தின நாளே குறிப்பெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு போனேன்.

என்ன பேசினேன் என்பது முக்கியமில்லை. தலைவன் என்பவன் காது கொடுத்துக் கேட்க வேண்டும், சட்டென்று முடிவெடுக்க வேண்டும், யாருக்கும் பயப்படக் கூடாது. இப்படி மூன்று விஷயம் சொல்லி, மூன்றுக்கும் உதாரணமாக என்னையே சொன்னேன். புயல் நேரத்தில் நான் ஜீப்பில் போனது, மரம் வெட்டச் சொன்னது எல்லாம் வந்தது. பிள்ளைகள் அடக்கமாகக் கேட்டார்கள். என் பேச்சில் நானே மயங்கிப் போயிருந்தேன். கடைசியில், யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள், அந்த நம்பிக்கையில்தான் சொன்னது.

ஜன்னல் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியாக, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டியிருந்தாள்.

"சார், நீங்க தலைவருன்னு சொன்னாங்க. ஒங்களுக்கு யாரு சார் ஓட்டுப் போட்டாங்க?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குக் காது சூடானது.

"யாரும் போடலம்மா. அரசாங்கம் என்ன நியமிச்சிருக்கு."

"அப்ப எங்க தெருவுக்கு இன்னா வேணும்னு ஒங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

இதைவிட நல்ல கேள்வியை என் சர்வீஸில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "தெரியாதும்மா, நீதான் சொல்லித் தரணும், அப்புறமா டீச்சர்கிட்ட எழுதிக் குடு" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தைச் சிரிப்பாக மாற்றிக் காட்டத் தெரிந்தவன் நான். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சுக்கே போய்விட்டேன்.

"சரி, நீயே சொல்லேன். ஒன் தெருவுக்கு இன்னா வேணும்? சொல்லும்மா, பயப்படாத. இங்கயே ஆர்டர் போட்டுடறேன்."

மைக்கை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவள் வாயைத் திறந்தாள். பையன்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். நான் விடவில்லை. "சொல்லும்மா, பயப்படாத" என்று இன்னும் இரண்டு தடவை கேட்டேன். அவள் தலையைக் குனிந்து பெஞ்சில் இருந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? கேள்வி கேக்கறது சுலபம், பதில் சொல்றதுதான் கஷ்டம்" என்றேன். கைதட்டல் வந்தது. அவள் உட்கார்ந்தாள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பிறகு தலைமை ஆசிரியையின் அறையில் டீயும் பிஸ்கட்டும் வந்தன. அவர் கறாரான பெண்மணி, அதிகம் சிரிக்காதவர். பியூன் வெளியே போகும் வரை காத்திருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு எந்தத் தெரு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாதுங்க மேடம்."

"வாய்க்காத் தெரு. கரும்புக் கொல்லைய ஒட்டி இருக்கே, அது."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"பசங்கள பக்கத்துல வெச்சிக்கினு அவ எப்டி சார் சொல்லுவா, எங்களுக்குக் கக்கூஸத் தெறந்து வுடுங்கன்னு?"

வாய்க்கால் தெருவில் வீடுகள் நெருக்கமானவை. ஒரு அறையும் அதற்கு முன்னால் ஒரு சார்ப்பும்தான். கழிப்பறை கட்ட யாருக்கும் இடம் கிடையாது. அதனால் தெருக்கோடியில் பெண்களுக்கென்று ஒரு பொதுக் கழிப்பறை கட்டினோம். நல்ல கட்டடம். மேலே தண்ணீர்த் தொட்டி ஏற்றி, மோட்டாருக்குக் கரண்டும் வாங்கியாகிவிட்டது. கட்டி முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. சாவி என் மேசை இழுப்பறையில், ஸ்டேப்ளர் பின்களுக்குப் பக்கத்தில், ஒரு அட்டை கட்டிக் கிடந்தது.

ஏன் பூட்டிக் கிடந்தது என்று கேட்பீர்கள். நீங்கள் புதிது, அதனால் இந்த வழக்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். நம் பக்கம் எதைக் கட்டினாலும், ரேஷன் கடையோ பேருந்து நிழற்குடையோ சுடுகாட்டுக் கொட்டகையோ, தொகுதி எம்.எல்.ஏ. வந்து ரிப்பன் வெட்டாமல் திறக்க மாட்டோம். அப்படி ஒரு விதி கிடையாது, தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் எந்த விதியையும்விட அது கெட்டியாக நிற்கிறது. கழிப்பறை முடிந்ததும் நான் தேதி கேட்டு எழுதினேன். எம்.எல்.ஏ.வின் உதவியாளர் போன் செய்தார்.

"கக்கூஸ மட்டும் தனியாத் தெறந்தா போட்டோ நல்லா வராது சார். பக்கத்துல சமுதாயக் கூடம் கட்றீங்க இல்ல, ரெண்டுத்தையும் ஒரே நாள்ல வெச்சிக்கலாம். ஐயாவும் அதான் சொல்றாரு."

"நல்ல யோசனைங்க" என்றேன். கவனியுங்கள், அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. சமுதாயக் கூடம் அப்போது ஜன்னல் மட்டம்கூட எழும்பவில்லை.

இது எல்லாம் தலைமை ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது. "ஆலைலேர்ந்து கட்டிங் ஆர்டர் வந்துடுச்சாம் சார்" என்றார். "கரும்பு நிக்கற வரைக்கும் பொம்பளைங்களுக்கு அது ஒரு மறைவு. வெட்டிட்டாங்கன்னா எங்க போவாங்க?"

பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். நேராக ஆபீசுக்குப் போய்ச் சாவியை எடுத்துவந்து திறந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் அப்படிச் செய்யவில்லை. நினைவூட்டல் கடிதம் ஒன்று எழுதினேன். உதவியாளருக்குப் போன் செய்தேன், "பாக்கலாம் சார்" என்றார். கட்டிங் ஆர்டர் வந்தால் மட்டும் போதுமா, ஆள் கிடைக்க வேண்டும், லாரி கிடைக்க வேண்டும், எப்படியும் நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் சாவி கண்ணில் பட்டது. அதன்மேல் ஒரு சுற்றறிக்கையைப் போட்டு வைத்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்வீர்கள்.

எட்டு நாள் இப்படிப் போனது. ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, தலைமை ஆசிரியை போன் செய்தார்.

"பவித்ரா நாலு நாளா ஸ்கூலுக்கு வரல சார்."

"எந்தப் பவித்ரா?"

"ஒங்கள கேள்வி கேட்டுச்சே சார், அந்தப் பொண்ணு." அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பவித்ரா வகுப்பில் எழுந்து நின்றாலே பையன்கள் ஆரம்பித்துவிடுகிறார்களாம். "ஒன் தெருவுக்கு இன்னா வேணும்? சொல்லும்மா, பயப்படாத." என் குரலில், கையில் இல்லாத மைக்கை என்னைப் போலவே நீட்டிக்கொண்டு. தண்ணீர் குடிக்கப் போனாலும் அதுதான், சைக்கிள் நிறுத்தும் இடத்திலும் அதுதான். அவள் சொல்லாமல் விட்டது என்ன என்பது அவர்களுக்கும் தெரியும். ஒரே ஊர்தானே.

"கரும்பும் முக்காவாசி வெட்டியாச்சு சார். அவங்க அம்மா திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனிக்குப் போவுது, விடியறதுக்குள்ள பஸ் ஏறிடும். துணைக்கு ஆள் இல்லாம அந்தப் பொண்ணு தனியா ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வருது. அந்தம்மா நேத்து எங்கிட்ட வந்து டி.சி. குடுத்துடுங்கன்னு கேக்கறாங்க. திருபுவனைல சித்தி வூட்ல வுடப் போறாங்களாம். அங்க போனா படிக்க வெக்க மாட்டாங்க சார், எனக்குத் தெரியும். திங்கக்கிழமை வரைக்கும் இழுத்து வெச்சிருக்கேன்."

"நாளைக்கே நான் ஸ்கூலுக்கு வர்றேன் மேடம். எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"வேணாம் சார். திரும்பவும் எல்லாரும் அவளத்தான் பாப்பாங்க. நீங்க இங்க வராதீங்க."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக வெளியே நிறுத்தியதில்லை. அவர் சொன்னதுதான் சரி. நான் மன்னிப்புக் கேட்டால் மனசு லேசாகப் போவது எனக்குத்தான். அவளுக்கு இன்னொரு நாள் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். பத்துப் பேர் முன்னால் செய்த தப்பைப் பத்துப் பேர் முன்னால்தான் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்காதீர்கள். சில நேரம் அது அதே தப்பை இரண்டாம் முறை செய்வதாக ஆகிவிடும்.

அன்று சாயங்காலம் என் மனைவி வசந்தாவிடம் சொன்னேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தெறந்தா இன்னா பண்ணுவாங்க?"

"ஏனாமுக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க."

ஏனாமும் நம் புதுச்சேரிதான். ஆனால் அது ஆந்திராவுக்குள்ளே கோதாவரிக் கரையில் கிடக்கிறது. இங்கே யாருக்காவது கோபம் வந்தால் நம்மை அங்கே அனுப்புவார்கள்.

"அங்கல்லாம் நான் வர மாட்டேன். இந்த வூட்டக் கட்டி முடிக்கறதுக்குள்ள என் பாதி உசுரு பூடுச்சு" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். "அந்தப் பொண்ணுக்கு இன்னா வயசு?"

"பதினாலு இருக்கும்."

அவள் அடுத்த தோசைக்கு மாவு எடுக்கவில்லை. கல் காய்ந்து புகை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "தெறந்து வுட்டுட்டு வாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே ஆபீஸ் போனேன். இளநிலைப் பொறியாளர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சின்ன வயசுக்காரர், அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"சார், ஒரு போன் போட்டுட்டுத் தெறக்கலாம் சார்."

"போன் போட்டா வேணாம்னு சொல்வாங்க. வேணாம்னு சொன்னப்புறம் தெறந்தா அது வேற கேஸ். நீங்க இன்னிக்கு வேற சைட்ல இருக்கீங்க, சரியா?"

அவர் மோட்டார் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த வால்வைத் திருப்ப வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கோப்பில், "பொதுமக்கள் பயன்பாட்டுக்காக இன்று திறக்கப்பட்டது" என்று என் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டேன். கீழே வேறு யாருடைய சுருக்கொப்பமும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். நான் செய்ததில் இந்த ஒன்றை மட்டும் நீங்கள் அப்படியே பின்பற்றலாம். அடிபடப் போகிற முடிவு என்றால் கையெழுத்து ஒன்றுதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது.

டிரைவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு போனேன். கழிப்பறைக்கு அடிக்கல் போட்ட நாளுக்குப் பிறகு வாய்க்கால் தெருவுக்கு நான் போனதே இல்லை. கரும்பு நின்ற இடமெல்லாம் மொட்டையாகக் கிடந்தது, காய்ந்த கரும்புச் சோகையை எரித்த கரி தெருவெல்லாம் பறந்துகொண்டிருந்தது. இந்தக் கோடியில் நின்றால் ஏரிக்கரை வரை மறைப்பே இல்லை. ஜீப்பைப் பார்த்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள்.

பூட்டு துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் தேங்காய் எண்ணெய் கேட்டேன். ஒரு மூடியில் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டித் திறந்தேன். துண்டுத் தாளைப் பார்த்து மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிறைந்து குழாயில் தண்ணீர் வந்தது. வெளியே வந்து, "வாங்கம்மா, தெறந்தாச்சு" என்றேன்.

யாரும் வரவில்லை. பத்துப் பதினைந்து பேர் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

"தெறப்பு விழா எப்ப சார்?" என்று எண்ணெய் கொடுத்த அம்மா கேட்டார்.

"இதான்மா தெறப்பு விழா."

"எம்மெல்லே வர்லியா?"

"வர்ல."

"அவுரு வராத முன்ன நாங்க உள்ள போனம்னு நாளைக்கு வந்து கேட்டா நாங்க இன்னா சார் சொல்றது? பட்டாவுக்கு அவுருகிட்டதான் போய் நிக்கறோம்."

"நான் தெறந்தேன்னு சொல்லுங்க. ஆணையர் தெறந்து வுட்டாருன்னு சொல்லுங்க. ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அசையவில்லை. நானோ பூட்டைத் திறந்தால் போதும் என்று நினைத்துப் போனவன். ஏழு மாதம் பூட்டி வைத்தவனே வந்து, உள்ளே போங்கள் என்றால் எப்படி நம்புவார்கள்? எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன், பேச ஆரம்பித்தேன். இது உங்கள் உரிமை, உங்களுக்காகக் கட்டியது, சுத்தமாக வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு ஒரு சொற்பொழிவு. மைக் ஒன்றுதான் இல்லை.

அப்போது நாலாவது வீட்டிலிருந்து பவித்ரா வந்தாள். யூனிபார்ம் போடவில்லை, பழைய சுடிதார். கையில் ஒரு பச்சை பக்கெட். பெண்கள் வழிவிட்டார்கள். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்லிவிடப் பார்த்தேன். "ம்மா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, என் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"சார், நீங்க கொஞ்சம் அந்தாண்ட போறீங்களா?"

அப்போதுதான் புரிந்தது. எம்.எல்.ஏ. பயமும் இருந்திருக்கும். ஆனால் ஒரு ஆம்பளை, அதுவும் ஆபீசர், பெண்கள் கழிப்பறை வாசலை மறித்துக்கொண்டு பிரசங்கம் செய்துகொண்டிருந்தால் யார்தான் உள்ளே போவார்கள்? வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. நான் நகர்ந்தேன். தெருமுனை வரை நடந்து, ஜீப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டேன். பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கெட் சத்தம், தண்ணீர்ச் சத்தம், பெண்கள் பேசுகிற சத்தம், யாரோ யாரையோ "சீக்கிரம் வாடி" என்று அதட்டுகிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. அப்படியே ஜீப்பில் ஏறி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, ஏனாமுக்கு. காரணம், நிர்வாக நலன். நம் நிர்வாகம் மெதுவாக நடக்கும் என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

ஏனாமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல ஊர், நல்ல மனிதர்கள். எனக்குத் தெலுங்கு வரவில்லை, அவ்வளவுதான். வாடகை அறையில் இரண்டு வருடம் இருந்தேன், அங்கேயே ஓய்வு பெற்றேன். வசந்தா சொன்னபடியே வரவில்லை. தினமும் போனில், சாப்பிட்டாச்சா, மழையா, கரண்ட் பில் கட்டியாச்சா என்று பேசிக்கொள்வோம். நான் திரும்பி வந்தபோது எங்களுக்கு அந்த மூன்று கேள்விதான் மிஞ்சியிருந்தது. நேரில் பேசும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அதை மீட்டு எடுத்துவிடலாம் என்று இருவருமே நினைத்தோம், அதற்குள் போன வருடம் அவள் போய்விட்டாள். அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனது எனக்கு ஆறவில்லை. திறந்தது தப்பா என்று கேட்டால் தப்பில்லை என்பேன். எட்டு நாள் முன்னாலேயே திறந்திருந்தாலும் இதே ஏனாம்தான் கிடைத்திருக்கும், அந்தப் பெண்ணுக்காவது ஐந்து நாள் பள்ளிக்கூடம் மிச்சமாகியிருக்கும்.

சமுதாயக் கூடம் முடிந்ததும் இரண்டையும் சேர்த்து முறைப்படி திறந்தார்கள் என்று இளநிலைப் பொறியாளர் போனில் சொன்னார். கல்வெட்டும் வைத்தார்களாம். ரிப்பன் கட்டியிருந்தபோது உள்ளே ஒரு அம்மா இருந்தாராம், அவர் வெளியே வரும் வரை எம்.எல்.ஏ. கத்திரிக்கோலோடு நின்றாராம். ஏனாமில் இரண்டு வருடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். தமிழ் தெரியாதவர், அவருக்கு எப்படி விளக்குவது என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. மாற்றல் உத்தரவு வந்த அந்தத் திங்கட்கிழமை, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மத்தியானம் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்தேன். உத்தரவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

"பவித்ரா வந்துச்சா மேடம்?"

"வந்திருக்கா சார். டி.சி. வேணாம்னு அவங்க அம்மா காலைலயே வந்து சொல்லிட்டாங்க. கேலி பண்ண பசங்களக் கூப்ட்டு நான் பேசிட்டேன், அத நான் பாத்துக்கறேன்."

சரி என்று வைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"ஏதாவது சொன்னாளா?"

"எதப் பத்தி சார்?"

அந்தப் பக்கம் வராண்டாவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இப்ப கணக்கு டெஸ்ட் எழுதிக்கினு இருக்கா சார். பெல் அடிக்கப் போவுது, நான் வெச்சிடட்டுமா?"

"வெச்சிடுங்க மேடம்" என்றேன். எனக்கும் வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது.